இயோர்தாகேயின் மெழுகுவர்த்தி

நுரையீரல் வார்டின் கடைசி அறையில் தேன்மெழுகு வாசனை அடித்தது. தீக்குச்சி கிழித்தாலே வேலை போய்விடும் இடம் அது. சுவரெல்லாம் ஆக்சிஜன் குழாய். வார்டில் உதவிக்கு வந்திருந்த ஸ்மரந்தா ஜன்னல் விளிம்பு, கட்டிலடி, குப்பைக்கூடை என்று எல்லா இடத்திலும் மோந்து பார்த்துவிட்டு, கடைசியில் தன் வலது கையை மூக்கருகே கொண்டுவந்தாள். வாசனை ஆட்காட்டி விரலில்தான் இருந்தது.

மற்ற கட்டில்கள் காலி. ஜன்னலோரக் கட்டிலில், போர்வைக்கு அடியில், சற்றுமுன் செத்துப்போன இயோர்தாகே கிடந்தார்.

கண் தெரியாத கிழவர். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதெல்லாம் வெறும் கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"மெழுகுவத்தி குடு, பொண்ணே. வெளிச்சம் இல்லாம என்னை அனுப்பிடாதே."

போகிற வழி தெரிய, சாகிறவர் கையில் எரியும் மெழுகுவர்த்தியைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கையில் மெழுகுவர்த்தி இல்லாமல் சாவாய் என்பதுதான் அங்கே பெரிய வசவு. எதிரியைக்கூட வாய் கூசித்தான் அப்படித் திட்டுவோம். ஆனால் அங்கே எப்படிப் பற்றவைப்பது? வார்டே எரிந்திருக்கும். ஸ்மரந்தா தன் விரலை அவர் உள்ளங்கையில் வைத்து, "இந்தாங்க ஐயா, பத்த வச்சிட்டேன்," என்றாள். கிழவரின் முகம் தெளிந்தது. அந்த விரலை இறுகப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

நர்ஸ் ரோதிகா கதவருகே எட்டிப் பார்த்தாள். "ரெண்டு மணி நேரம் பொணம் இங்கயேதான் இருக்கணும். அது சட்டம். ஒருவேளை முழிச்சிக்கிட்டா பக்கத்துல ஆள் வேணும்ல."

"முழிச்சிருக்காங்களா அக்கா?"

"என் சர்வீஸ்ல எவனும் முழிக்கல. போன வருஷம் உன்னை மாதிரியே ஒருத்தன், படிக்கிறதுக்கு முன்னாடி பழகிக்கிறேன்னு வந்தான். பாதியில ஓடிட்டான். பெரிய டாக்டர் சான்றிதழ் குடுக்கல. இப்ப செருப்புக் கடையில நிக்கிறான். நீ ஓடிடாதே, டாக்டரம்மா."

அவள் ஓடமாட்டாள். நுழைவுத் தேர்வில் ஒருமுறை தோற்றாகிவிட்டது. அம்மா இத்தாலியில் யார் வீட்டுக் கிழவர்களையோ குளிப்பாட்டிக்கொண்டிருப்பது, இவள் டாக்டராக வேண்டும் என்பதற்காகத்தான்.

வெளியே பனி கொட்டி, பிற்பகலிலேயே அறை சாம்பல் நிறமாக மங்கிக்கொண்டு வர, மூடிவைத்த ஆக்சிஜன் குழாயிலிருந்து யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல் மெல்லிய சீறல் கேட்டது. அவள் எழுந்து குழாயைத் திருகினாள். அது இறுக்கமாகத்தான் இருந்தது. அவளுடைய ஆட்காட்டி விரல் கதகதத்தது. தோல் வெளிறி வழவழப்பாகியிருந்தது, ரேகையே இல்லை. கட்டைவிரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது. அப்படியே நின்றது.

போர்வை ஓரம் அசைந்தது.

ஓடிவிடு என்றது உடம்பு. அம்மாவை நினைத்தாள். நின்றாள்.

ஒரு கை வெளியே வந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு நொறுங்கும் பிடி.

"அணைஞ்சு போச்சு, பொண்ணே."

விரலை அடியோடு முறித்தார். முதலில் வலிக்கவில்லை. பிறகு ரத்தம் பீறிட்டது. போர்வையில். சுவரில். அவள் வாயில்.

கிழவர் முறித்ததை உயர்த்தி ஊதினார். நுனியில் சுடர் பிடித்தது.

அந்த வெளிச்சத்தில் பார்த்தாள். காலியாக இருந்த கட்டில்கள் காலியாக இல்லை. சுவர் ஓரம், கதவை அடைத்து, நடை முழுக்க, இந்த வார்டில் இருட்டில் போனவர்கள் நின்றார்கள். எல்லாரும் கை நீட்டியிருந்தார்கள்.

"தள்ளாதீங்க," என்றார் இயோர்தாகே அவர்களிடம். "இந்தப் பொண்ணுகிட்ட இன்னும் ஒன்பது இருக்கு."

முதல் கை அவள் சுண்டுவிரலைப் பிடித்தது.