பூட்ஸ் ஊறிய வாளி

மூடியிருந்த வாளிக்குள் யாரோ நீந்திக்கொண்டிருந்தார்கள்.

நோண்டி கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. கலங்கிய தண்ணீருக்குள் முற்றுப்புள்ளி அளவில் வெள்ளைப் புள்ளிகள் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தன.

நோண்டி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று நோண்டி நோண்டிக் கேட்பதால் அப்பா வைத்த பட்டம். ஐந்தாம் வகுப்புக்கு வருவதற்குள் அந்தப் பட்டம் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

"அப்பா! வாளியில உயிர் இருக்கு!"

அப்பா செல்போன் பழுது பார்ப்பவர். முன்னறை மேசைதான் அவருடைய கடை. நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்தார்.

"அது நான் வீடு துடைக்கிற வாளி. மூணு நாளா உங்கம்மா பிடிச்சு வெச்சிருக்கா. உள்ளே கொசுப்புழு வந்திருக்கும்."

"கொசு எப்படிப்பா உள்ளே போகும்? நீங்கதானே பழைய ஜன்னல் கண்ணாடியை மேலே போட்டு மூடினீங்க?"

அப்பா பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு மேசைக்குத் திரும்பினார்.

வாளி பால்கனிக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நோண்டியின் அம்மா ஓர் ஆய்வாளர். எங்காவது சாலை போடுவதற்கு முன்னால், அங்கே ஓடை இருக்கிறதா, குட்டை இருக்கிறதா, சாலை வந்தால் அவற்றுக்கு என்ன ஆகும் என்று நடந்து பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை.

அந்த வேலையில் ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. ஓர் இடத்தில் நடந்த பூட்ஸை ஊற வைத்துத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த இடத்துக்குப் போகக் கூடாது. பூட்ஸின் அடியில் இருக்கும் பள்ளங்களில் மண் ஒட்டிக்கொள்ளும். அந்த மண்ணில் ஏதாவது விதையோ முட்டையோ இருந்தால், அது வேறு ஓடைக்குப் போய் அங்கே வம்பு செய்யும். கழுவிய தண்ணீரையும் சாக்கடையில் கொட்டக் கூடாது.

சனிக்கிழமை அம்மா பூட்ஸை வாளியில் ஊற வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் கழுவி எடுத்தார். தண்ணீரை மட்டும் மறந்துவிட்டார். அறிக்கை எழுதும் வாரத்தில் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். வாளி எம்மாத்திரம்?

இன்று செவ்வாய்க்கிழமை. மாலையில் அம்மா வந்ததும் நோண்டி ஓடினாள்.

"அம்மா, பூட்ஸ்ல ஒட்டியிருந்த மண்ணு எந்த ஊரு மண்ணு?"

"பள்ளிக்கூடம் போற ரோடு இருக்குல்ல, அதுக்கு மேற்கே ஒரு பெரிய பள்ளம். ஏன்டா?"

"அங்கே தண்ணி இருக்கா?"

"ஒரு சொட்டு இல்ல. மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு." அம்மா படிவத்தைக் காட்டினார். அதில் இப்படி எழுதியிருந்தது: 'மேற்குப் பள்ளம். நீர்நிலை அல்ல. வறண்ட தரிசு.'

"இதை எழுதினா என்னம்மா ஆகும்?"

"திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, பள்ளத்தை மண்ணு கொட்டி மூடி, மேலே ரோட்டை அகலமாக்குவாங்க." அம்மா பேனாவை மூடினார். "நான் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் அதை யாரும் மறுபடி திறந்து பார்க்க மாட்டாங்க. அதனாலதான் இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதறேன்."

நோண்டி பால்கனியில் இருந்த வாளியைத் திரும்பிப் பார்த்தாள். வாளிக்குள் இருப்பவர்கள் அந்தப் பள்ளத்திலிருந்து வந்தவர்களாக இருந்தால்? ஆனால் தண்ணீரே இல்லாத இடத்திலிருந்து நீந்துகிறவர்கள் எப்படி வர முடியும்?

"குழாய்த் தண்ணியில இருந்து வந்திருக்கும்டா," என்றார் அம்மா.

"இல்ல, நம்ம வீட்டுத் தூசியிலேருந்து," என்றார் அப்பா. "வாளி கையில இல்லாததால வீடு துடைக்காம தூசி சேர்ந்து போச்சு."

ஆளுக்கொரு பதில். எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நோண்டி யோசித்தாள். மூன்று பேர் மேல் சந்தேகம் இருந்தால் மூன்று பேரையும் தனித்தனி அறையில் உட்கார வைக்க வேண்டும். அவள் மூன்று காலி கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவி எடுத்தாள். மூன்றிலும் ஒரே குடத்துக் குழாய்த் தண்ணீரை ஊற்றினாள். முதல் பாட்டிலில் வேறு எதுவும் போடவில்லை. இரண்டாவதில், வீட்டுத் தூசியெல்லாம் படிகிற பால்கனிப் பூந்தொட்டியிலிருந்து ஒரு பெரிய ஸ்பூன் மண். மூன்றாவதில் அம்மா பள்ளத்திலிருந்து ஒரு பையில் கொண்டுவந்திருந்த மண், அதே ஸ்பூனால் ஒரு ஸ்பூன். மூன்றின் வாயையும் ஒரே துணியைக் கிழித்துக் கட்டினாள். மூன்றையும் ஒரே ஜன்னலில் வைத்தாள்.

எல்லாம் ஒன்றாக இருந்து, ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறினால், குற்றவாளி அந்த ஒரே விஷயம்தான். கவனியுங்கள், இந்தத் தந்திரம் எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யும்.

புதன்கிழமை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமையும் ஒன்றும் இல்லை.

"என்ன விஞ்ஞானி, பாட்டில்ல சேறு வளர்க்கிறீங்களா? அமோக விளைச்சல்!" என்று அப்பா வம்புக்கு இழுத்தார்.

"பொறுங்கப்பா!"

வெள்ளிக்கிழமை காலை நோண்டி பல்கூடத் தேய்க்காமல் ஜன்னலுக்குப் போனாள். தண்ணீர் மட்டும் இருந்த பாட்டிலில் தண்ணீர் மட்டுமே இருந்தது. தொட்டி மண் பாட்டிலில் மண் படிந்து கிடந்தது. பள்ளத்து மண் பாட்டிலில் வெள்ளைப் புள்ளிகள் தத்திக்கொண்டிருந்தன.

ஒவ்வொன்றாக ஸ்பூனில் பிடித்து எண்ணினாள். மொத்தம் பதினான்கு.

"அம்மா! அப்பா! தண்ணி இல்ல, தூசி இல்ல. மண்ணு! மண்ணுதான்!"

அப்பா இந்த முறை கேலி செய்யவில்லை. "இதுங்க பச்சைக் குழந்தைங்க. வாளியில இருக்கிறது இதுங்களோட அண்ணன் அக்காதானே? அதைக் கொண்டு வா," என்றார். பழுது பார்க்கும் விளக்கைப் போட்டு, வாளியிலிருந்து ஒன்றை ஒரு வெள்ளை மூடியில் விட்டு, பூதக்கண்ணாடியைக் கழற்றி நோண்டியின் தலையில் மாட்டினார்.

நோண்டி குனிந்தாள்.

அது இப்போது வெறும் புள்ளி இல்லை. பாதி அரிசி நீளத்துக்கு ஓர் உடம்பு. கண்ணாடியால் செய்ததுபோல் இருந்தது. உள்ளே ஓடும் உணவுக் குழாய் தெரிந்தது. முதுகில் ஏதோ ஒன்று விடாமல் துடித்தது. அது அதன் இதயம்! இரண்டு கறுப்புக் கண்கள், இரண்டு சின்னக் காம்புகளின் நுனியில். வயிற்றில் வரிசையாகக் கால்கள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அலை அடிப்பதுபோல் அசைந்தன. அந்த அலைதான் அதைத் தள்ளிக்கொண்டு போனது.

இன்னொரு வேடிக்கை. அது மல்லாந்துதான் நீந்தியது. கால்கள் மேலே, முதுகு கீழே.

"அப்பா, இது தலைகீழா போகுது!"

"அதைக் கேட்டா நம்மளைத்தான் தலைகீழ்னு சொல்லும்."

அலுவலகத்துக்குக் கிளம்பி நின்ற அம்மா, "காட்டு," என்று குனிந்தார். குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. தோளில் இருந்த பை நழுவித் தரையில் விழுந்தது. அதைக்கூட எடுக்கவில்லை.

"இறாலுக்குத் தூரத்துச் சொந்தம்," என்றார் மெதுவாக. "புத்தகத்துல படிச்சிருக்கேன். மழை வந்ததும் பொரிக்கும். சில வாரத்துல வளர்ந்து, முட்டை போட்டுட்டுச் செத்துப்போகும். தண்ணி வத்தினதும் முட்டை காய்ஞ்ச மண்ணுல கிடக்கும். வெயில் அடிக்கும், காத்து அடிக்கும், மேலே மாடு நடக்கும். ஒண்ணும் ஆகாது. அடுத்த மழைக்காகக் காத்திருக்கும்."

"எவ்வளவு நாளும்மா?"

"வருஷக்கணக்கா. நான் மேலே நடந்து போயிருக்கேன். என் பூட்ஸுக்கு அடியில அத்தனை பேர் தூங்கிட்டு இருந்திருக்காங்க. நான் வறண்ட தரிசுன்னு எழுதியிருக்கேன்."

அம்மா மேசையிலிருந்த படிவத்தை எடுத்தார். அந்த வரியைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தார்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா, நோண்டி, இன்னொருவர் என மூன்று பேர் பள்ளத்துக்குப் போனார்கள். மூன்றாவது ஆள் ரோடு என்ஜினியர். அம்மாதான் வரச்சொல்லியிருந்தார். நெட்டையான மனிதர். குனிந்து பேசுவதற்கு அவருக்குச் சோம்பல்.

"மேடம், இது பள்ளம். வெறும் பள்ளம்," என்றார். "பாப்பா, ஓரமா நில்லு."

நோண்டிக்குப் பாப்பா என்று கூப்பிட்டால் பிடிக்காது. ஆனாலும், வாளியிலிருந்து சிலரைப் பிடித்துப் போட்டிருந்த பாட்டிலையும் பூதக்கண்ணாடியையும் நீட்டினாள். "இதைப் பாருங்க அங்கிள். உங்க காலுக்குக் கீழே இருந்து வந்தவங்க."

என்ஜினியர் வேண்டாவெறுப்பாக வாங்கி, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அந்த நெட்டை மனிதர் வெடித்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு இதயம் துடிக்குது," என்றார்.

"ஒரு பெரிய ஸ்பூன் மண்ணுல பதினாலு பேர்," என்றாள் நோண்டி. "இந்தப் பள்ளத்துல எத்தனை ஸ்பூன் இருக்கும் அங்கிள்?"

கணக்கு என்றால் என்ஜினியருக்குக் கை அரிக்கும். "நாப்பது மீட்டர் நீளம், இருபத்தஞ்சு மீட்டர் அகலம். மேல் மண்ணு ரெண்டு சென்டிமீட்டர்னு வெச்சுக்குவோம்." செல்போனில் தட்டினார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார். "இருபது லட்சம் ஸ்பூன். அப்போ, ரெண்டு கோடியே எண்பது லட்சம் பேர்."

"எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. பாதின்னு வெச்சாலும் ஒரு கோடிக்கு மேல," என்றார் அம்மா.

காற்று வெடிப்புகளின் மேல் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. நோண்டி இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து, கொஞ்சம் இடத்தை மட்டும் மிதித்து நின்றாள்.

"ஆனா மேடம், ரோடு அகலமாகியே ஆகணும்," என்றார் என்ஜினியர். குரல் இப்போது தணிந்திருந்தது. "ரெண்டு பஸ் எதிரும் புதிருமா வந்தா ஒதுங்க இடமில்ல. போன மாசம் ஸ்கூல் பஸ் ஒண்ணு ஓரத்துல சரிஞ்சு நின்னுது. தெரியுமா?"

"தெரியும் அங்கிள். அந்த பஸ்ல நானும் இருந்தேன்." அன்று முன் இருக்கைக் கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது அவள் கைக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. "ரோடு அகலமாகணும்தான். ஆனா ரோட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கே? ஏன் இந்தப் பக்கமே?"

"அந்தப் பக்கம் எங்க ஜல்லிக் குவியல் இருக்கு."

"ஜல்லியை நகர்த்தினா செத்துப்போயிடுமா அங்கிள்?"

அம்மா இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். என்ஜினியர் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"சாகாது. நாலு லாரி, ரெண்டு நாள் வேலை." எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். "சரி மேடம், அடுத்து நான் என்ன பண்ணணும்?"

அம்மாவும் நோண்டியும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"நான் சின்ன மேடத்தைக் கேட்டேன்," என்றார் என்ஜினியர்.

"அந்தப் பக்கத்து மண்ணையும் பாட்டில்ல போட்டுப் பார்க்கணும்," என்றாள் நோண்டி. "அங்கே யாராவது தூங்கிட்டு இருந்தா?"

ஜல்லிக் குவியலைச் சுற்றி ஆறு இடங்களில் மண் எடுத்தார்கள். மேட்டிலிருந்து மழைத் தண்ணீர் எப்படி இறங்கி வருகிறது என்று அம்மா நடந்து பார்த்தார். சாலைக்கு அடியில் பாதி அடைத்துப்போன ஒரு குழாய் இருந்தது. அது வழியாகத்தான் மழைக்கால ஓடை பள்ளத்துக்கு வந்து சேர்கிறது. பள்ளத்தை விட்டுவிட்டு ஓடையை அடைத்தாலும் எழுப்ப ஆளில்லாமல் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டே இருப்பார்கள்.

திங்கட்கிழமை அம்மா கையெழுத்துப் போடவில்லை. பத்து நாள் தவணை கேட்டு வாங்கினார். ஜன்னலில் ஆறு புதுப் பாட்டில்கள் ஏறின. ஒரு வாரம் ஆகியும் ஆறிலும் மண்ணும் தண்ணீரும் மட்டுமே இருந்தன. அப்பாவுக்கு அவர் வாளி திரும்பக் கிடைத்தது. வாளிக்குள் இருந்தவர்கள் ஒரு பழைய கண்ணாடித் தொட்டிக்குக் குடிபோனார்கள். முட்டை போட்டு, தண்ணீர் வற்றியதும், அந்த மண்ணைப் பள்ளத்திலேயே போய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு.

அம்மா கையெழுத்துப் போட்ட அறிக்கையில் இப்படி எழுதியிருந்தது: 'சாலையைக் கிழக்குப் பக்கம் மட்டும் அகலப்படுத்தவும். ஜல்லியை நகர்த்தவும். பழைய குழாயை எடுத்துவிட்டு, ஓடைத் தண்ணீர் தடையில்லாமல் பள்ளத்துக்குப் போக ஓர் அகலமான சிறுபாலம் கட்டவும். மேற்குப் பள்ளத்தைத் தொட வேண்டாம்.'

அந்த வருடத்திலிருந்து அம்மாவின் அலுவலகப் படிவத்தில் கடைசியாக ஒரு புது வரியும் சேர்ந்தது: 'நிலம் வறண்டிருந்தால், ஒரு ஸ்பூன் மண் எடுத்து, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஒரு வாரம் காத்திருந்து பார்த்த பிறகு எழுதவும்.'