வேகத்தடையில் ஒரு கரும்பு

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு பழனி அந்தச் சாலையில் வருவது அன்றுதான் முதல் தடவை. பொழுது சாயும் நேரம். கல்வராயன் மலைப் பக்கமிருந்து மழை வாசனை வந்தது. வேகத்தடையில் டிராக்டரை மெதுவாக்கியபோது ஓர் அம்மா கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"ஒரே ஒரு கரும்பு குடுத்துட்டுப் போப்பா."

"இதே வேலையாப் போச்சும்மா. போன்ல எவனோ சொல்றதக் கேட்டுக்கினு ஊரே உருவுது. நவுரு."

அவன் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. 'ஓடற டிராக்டர்ல உருவுனா திருட்டு இல்ல மாமே, டோல் வசூல்!' என்று ஒருவன் கரும்பைக் கடித்துச் சக்கையைத் துப்பிச் சிரிக்கும் வீடியோ எல்லார் கையிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதே மாதிரி உருவி, கடித்து, துப்பி, ஆளாளுக்கு வீடியோ போட்டார்கள். பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வண்டி ஓட்டுகிறவன் பாடுதான் திண்டாட்டம்.

பழனி வண்டியை எடுத்தான்.

பின்னால் சரக்கென்று ஒரு சத்தம். கட்டிலிருந்து கரும்பை உருவும் சத்தம்.

திரும்பிப் பார்த்தான். சாலையில் யாருமில்லை.

சரக்.

பைக் எதுவும் வரவில்லை. ஆனால் பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது. காதோரம் இளவட்டக் குரல் ஒன்று சிரித்தது.

"ஸ்லோவா போண்ணா. வீடியோ ஆடுது."

பழனி பிரேக்கை மிதித்தான். அந்த அம்மா தலைதெறிக்க ஓடிவந்தார்.

"உருவாதடா பிரவீனு! அம்மா வாங்கித் தரேன், கைய எட்றா!"

டிரெய்லர் சக்கரத்துக்குப் பக்கத்தில், வெறும் தரையைப் பார்த்துத்தான் கத்தினார்.

பழனி இறங்கி ஒரு கரும்பை எடுத்துக் கொடுத்தான். அதை அவர் வேகத்தடை மேல் வைத்தார். சத்தம் நின்றது.

"எம் புள்ளப்பா, பிரவீன்குமாரு. போன வருச அரவை சீசன்ல இதே எடத்துல சக்கரத்துல மாட்டிக்கினான். கூட்டாளி வீடியோ எடுத்துக்கினு இருந்தான். இங்க வர்ற டிரைவருங்க எல்லாம் ஒண்ணு வெச்சிட்டுப் போவாங்க. குடுத்தா உருவ மாட்டான்."

அந்த அம்மாவின் பெயர் செந்தமிழ்ச்செல்வி. கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர். கையெல்லாம் கரும்பின் காய்ந்த சோகை இலை கிழித்த கோடுகள்.

"நாள் பூரா கரும்புலதான் கெடக்கறேன். கேட்டிருந்தா ஒரு கட்டு எடுத்தாந்திருக்க மாட்டனா? அவனுக்குக் கரும்பே புடிக்காதுப்பா. பல்லு கூசுதும்பான்."

சொல்லும்போதே உடைந்து அழுதார். பழனிக்கும் கண் கலங்கியது. வண்டியில் ஏறப் போனவன் எதற்கோ திரும்பினான்.

வேகத்தடை மேல் கிடந்த கரும்பின் நுனி கடிபட்டிருந்தது.

ஒரே ஒரு கடி.

பக்கத்தில், மென்று துப்பிய சக்கை. எச்சில்கூடக் காயவில்லை.

செந்தமிழ்ச்செல்வி குனிந்து அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"பல்லு கூசியிருக்கும்" என்றார்.