வண்டி ஓனர் திலகவதி

காலை எட்டு மணிக்கே ஜானகியம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கா போகிறாள்? மருமகளின் நிலத்தைத் தன் பேருக்கு எழுதி வாங்கப் போகிறாள்! பொன்னேரி ரிஜிஸ்டர் ஆபீசில் பதினோரு மணிக்கு டோக்கன் போட்டாயிற்று.

திலகவதி இன்னும் அடுப்படியில்தான் இருந்தாள். செய்த நாஷ்டா செய்தபடி ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் தட்டைத் தொடவில்லை.

"இன்னுமா பொடவ மாத்தல?" கணவர் குப்புராஜ் வாசலிலிருந்து கத்தினார். "ஆட்டோ வந்து நிக்குது. உனக்காவ எல்லாரும் காத்துக்கினு கெடக்கணுமா?"

"நான் கையெழுத்து போட மாட்டேங்க..."

மூன்று நாளாகச் சொல்ல முடியாமல் கிடந்த வார்த்தை, ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. கூடத்து மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தன் சரவணன் சட்டென்று தலையைத் தூக்கினான்.

"கேட்டியாடா குப்பு? கேட்டியா உன் பொண்டாட்டி பேசறத!" ஜானகியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "இவ இந்த ஊட்ட ஒரேயடியா முழுங்காம வுட மாட்டாடா!"

முழுங்கினவள் யார், தோற்றவள் யார்? நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சரவணன் பழைய கார் ஒன்றை வாங்கி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்க விட்டான். "அண்ணி, உன் கை ராசியான கை" என்று சொல்லி வண்டியை அவள் பேரில் பதிவு செய்தான். திலகவதி பூசணிக்காய் உடைத்தாள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்த வண்டியில் அவள் நாலு தடவை ஏறியிருந்தால் அதிகம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை. புதுவாயலில் டீ வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்த சின்னதுரை என்ற ஒப்பந்தத் தொழிலாளியை அந்தக் கார் அடித்துப் போட்டது. ஓட்டியவன் சரவணன். சின்னதுரைக்கு வலது கால் முட்டிக்கு மேலே போயிற்று. வண்டியின் இன்சூரன்ஸோ பதினோரு நாளுக்கு முன்னாலேயே முடிந்திருந்தது! வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர்களே பதினாலு லட்சம் கட்ட வேண்டும் என்று போன மாதம் கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள்.

திலகவதியின் பேரில் என்ன இருக்கிறது? அவள் அப்பா கல்யாணத்தில் மஞ்சக்காணியாகக் கொடுத்த எழுபது சென்ட் நஞ்சை. அதைக் கோர்ட்டு எடுப்பதற்குள் மாமியார் பேருக்கு மாற்றிவிடு என்று தரகன் ஒருவன் ஓதிவிட்டான். "பேர்ல ஒண்ணுமே இல்லன்னா கோர்ட்டு இன்னாத்த புடுங்கும்?" என்றானாம்.

இதில் வயிறு எரிகிற சங்கதி வேறு ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் கட்டுவதற்காக மகளிர் குழுவில் பதினெட்டாயிரம் கடன் எடுத்துச் சரவணன் கையில் கொடுத்தவளே திலகவதிதான். அவன் அந்தப் பணத்தில் காருக்குப் பாட்டுப் பெட்டியும் பளபளவென்று புதுச் சக்கரமும் மாட்டினான். விபத்து நடந்ததும், "அண்ணி துட்டு தரல" என்று ஒரு பொய்யைச் சொன்னான். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "அண்ணனுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுடும் அண்ணி... என்னைக் காப்பாத்து!" பத்து வயசில் அவள் கையால் சோறு தின்ற பிள்ளை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு வருஷமாக அந்த வீட்டின் எல்லாக் கஷ்டத்துக்கும் அவள்தான் காரணம்.

"அன்னிக்கு அந்த இன்சூரன்ஸ் துட்ட குடுத்திருந்தா இன்னிக்கு இந்தப் பேஜாரு உண்டா?" ஜானகியம்மாள் எழுந்து அடுப்படிக்கே வந்துவிட்டாள். "அப்ப துட்ட இறுக்கிப் புடிச்ச, இப்ப நெலத்த இறுக்கிப் புடிக்கிற. ஆறு மாசமா புதன்கெழம ஆனா கேரியரத் தூக்கிக்கினு எங்கடி போற? கோயிலுக்கா? எந்த சாமிடி கேரியர்ல சோறு கேக்குது? எவன்கிட்ட நெலத்துக்கு வெல பேசற?"

"சொல்லுடி! எங்க போற?" பின்னாலேயே வந்த குப்புராஜின் கை ஓங்கிவிட்டது.

பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கை அவள் மேல் ஓங்கியது இதுதான் முதல் தடவை. அடி விழவில்லை. ஆனால் விழுந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது! திலகவதி அழவில்லை. அன்றும் புதன்கிழமைதான். கட்டி வைத்திருந்த கேரியரைக் கையில் எடுத்தாள்.

"வர்றேன். ஆனா போற வழியில புதுவாயல்ல ஒரு ஊட்டாண்ட எறங்கணும். அஞ்சு நிமிஷம் போதும். அதுக்கு அப்புறமும் நீங்க போடுன்னு சொன்னா, போட்டுடறேன். இது சத்தியம்."

எல்லாரும் ஆட்டோவில் ஏறினார்கள். புதுவாயல் கூட்டுரோட்டு டீக்கடை தெரிந்ததும் சரவணனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. விபத்துக்குப் பிறகு அவன் இந்தப் பக்கமே தலை காட்டியதில்லை.

"அண்ணி... இங்க எதுக்கு அண்ணி?"

அவள் இறங்கி முன்னால் நடந்தாள்.

தகரக் கூரை போட்ட லைன் வீடு. கயிற்றுக் கட்டிலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கைலிக்குக் கீழே ஒரு கால்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து வந்த அவன் மனைவி மேரி, "வாக்கா, இன்னா இன்னிக்கு லேட்டு?" என்று சிரித்தாள். பின்னால் நின்றவர்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"எங்க ஊட்டுக்காரங்க, மேரி."

"ஓ... வண்டிக்காரங்க. ரெண்டு வருஷத்துல இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" மேரி ஜானகியம்மாளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த அக்கா மொத நாள் வந்தப்போ கேரியரத் தூக்கி சாக்கடையில வீசினேம்மா. இன்சூரன்ஸ் கட்டாம வுட்டது நான்தான், என்ன வேணா பண்ணிக்கன்னு நின்னாங்க. பண்ணேன். இதோ, இந்தக் கையாலதான் கன்னத்துல அடிச்சேன்! அடுத்த புதன் மறுபடியும் வந்து நிக்கறாங்க. நான் கம்பெனிக்குப் போனா இவருக்கு சோறு போட்டு, கட்டக்கால் மாட்டி, தோள் குடுத்து நடக்க வெச்சாங்க. எங்கப்பா குடுத்த நெலம் இருக்குது, அத வித்தாவது குடுத்துடறேன்னாங்க. நான் நம்பவே இல்ல. இப்ப நம்பறேன்."

குப்புராஜ் மனைவியின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவங்க இல்ல!"

சரவணன் அலறிக்கொண்டு கட்டிலடியில் விழுந்தான். "கட்டாம வுட்டது நான்தான்! அண்ணி துட்டு குடுத்தாங்க... நான்தான் அதுல பாட்டுப் பெட்டி வாங்கினேன். அண்ணன்கிட்ட பொய் சொன்னேன்... ஐயோ, எல்லாத்தையும் அவங்க தலையில போட்டுட்டு ரெண்டு வருஷமா சோறு தின்னேனே!"

"எழுந்திருப்பா," என்றான் சின்னதுரை. "நீ அழுதா எனக்குக் கால் வந்துடுமா?"

குப்புராஜ் தம்பியின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். காலையில் ஓங்கிய அதே கை! திலகவதி குறுக்கே பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"வாணாங்க. இந்த ஊட்ல பட்ட அடி போதும்."

"ஏன்டி சொல்லல?" அவர் குரல் உடைந்தது. "ரெண்டு வருஷமா ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவன வெட்டியிருப்பீங்க. அவனுக்காவ என் பேரு கெடட்டும்னு இருந்துட்டேன். ஆனா இவங்க சோறு கெடக் கூடாதுங்க... அதுக்கு மட்டும் நான் கையெழுத்து போட மாட்டேன்."

பட்டுப்புடவையோடு மண்தரையில் உட்கார்ந்துவிட்டாள் ஜானகியம்மாள். மருமகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் முகத்தில் அறைந்துகொண்டாள். "அடிடி! என்ன அடிடி திலகா! எவன்கிட்ட வெல பேசறன்னு கேட்டேனே... இந்த வாயாலதானே கேட்டேன்!"

"அத்த... வாணாம் அத்த..."

அவ்வளவுதான். இரண்டு வருஷமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் மாமியாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மேரியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

குப்புராஜ் தரகனுக்குப் போன் போட்டார். "டோக்கன் வாணாம். ஏரிக்கரையாண்ட சரவணன் பாகம் ஒரு ஏக்கர் இருக்குதே, அதுக்கு ஆள் பாரு. கோர்ட்டு சொன்ன கெடுவுக்குள்ள இவங்களுக்குப் போய்ச் சேரணும்." தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாடா?"

"வித்துடுண்ணா," என்றான் சரவணன். "அண்ணி காணிய மட்டும் தொடாத."

புறப்படும்போது, இன்றைய கேரியரை வாங்கி வைத்துவிட்டு, போன புதன்கிழமைக் கேரியரைக் கழுவிக் கொண்டுவந்து மேரி நீட்டினாள். திலகவதி கை நீட்டுவதற்குள் ஜானகியம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் ஏறியும் மடியிலேயே வைத்திருந்தாள்.

"குடுங்க அத்த, நான் வெச்சிக்கிறேன்."

"காலி கேரியர்தானேடி, எனக்கின்னா பாரம்? சும்மா ஒக்காரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள் கிழவி. "அடுத்த புதன் கொழம்பு நான் வெக்கிறேன். நீ வெச்சா எப்பவும் உப்பு கம்மி."