ஊசல் போக மீதி

மாதப்பிறப்பு என்பதால் காலைக் காப்பிக்கு முன் வீடு கால் நீட்டிக்கொண்டது. நான்கு இரும்புக் கால்களும் முனகியபடி ஒரு விரல் உயர்ந்தன. அலமாரியில் டம்ளர்கள் குலுங்கி அடங்கின. வெள்ளாற்றுக் கழிமுகத்தில் இது வழக்கம்தான். ஏன் என்று கேட்டால் வீட்டுக்காரர் கலியபெருமாள், "காத்தோட்டத்துக்கு" என்பார்.

இவ்வூரில் கடல் ஏறாது என்று சபையில் வாக்குக் கொடுத்தவர் அவருடைய தாத்தா. அன்று முதல் கடல்மட்டப் பதிவு அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. அளப்பது 'அளவன்' என்னும் எந்திரம். தூரத்துப் பெருங்கடல் சில ஆண்டுகள் சூடாகிச் சில ஆண்டுகள் குளிர்வதால் கழிமுக நீர் ஏறி இறங்கும். அதற்குக் கடலூசல் என்று பெயர். நீர் ஏறிய ஆண்டில் அதை ஊசல் என்று கழித்துவிட வேண்டும்; இறங்கிய ஆண்டில் உள்ளபடி பதிய வேண்டும். இது தாத்தா அளவனுக்கு இட்ட உத்தரவு. ஆகவே பதிவில் கடல் பின்வாங்கிக்கொண்டே இருந்தது.

கலியபெருமாளின் தம்பி சாமிதுரை அந்தப் பதிவை நம்பினார். தன் வீட்டுக்கு இரும்புக் கால் பொருத்தாமல், வீட்டோடு மூழ்கிப்போனார். அவருடைய கதவு இன்றும் நீருக்கடியில் தட்டிக்கொண்டிருக்கிறது.

"மீன்" என்பார் அண்ணன்.

அன்று மாலை நீர் ஏறியது. "ஐயா, இதுக்கு மேல கால் நீளாது" என்றது வீடு. நிறைமாத மருமகள் யாழிசைக்கு இடுப்புவலி கண்டிருந்தது. கலியபெருமாள் படகுத்துறையை அழைத்தார்.

"படகா? உங்க பதிவுல அங்க வறண்ட தரைன்னுல்ல இருக்கு, பெரியவரே!" என்றாள் துறைக்காரி. "தரையில படகு ஓட்ட எனக்குத் தெரியாதுங்க. நடந்தே வந்துடுங்க."

"வெளையாடாதம்மா. புள்ளத்தாச்சி இருக்கா."

"படகோட மூளை பதிவைத்தான் படிக்கும். பதிவு தப்புன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. உடனே கெளம்பும்."

"சொல்லுங்க மாமா!" யாழிசை கட்டில் சட்டத்தை இறுகப் பற்றியிருந்தாள். "ஒரே ஒரு வார்த்தை!"

அவர் வாயைத் திறந்தார். தப்பு என்றால் சாமிதுரை எதை நம்பிச் செத்தான்? வாயை மூடிக்கொண்டார்.

"ஊசல்தாம்மா. எறங்கிடும். கொஞ்சம் பொறுத்துக்க."

கதவு தட்டும் ஒலி கேட்டது. இம்முறை கீழிருந்து அல்ல, அவர்கள் வாசலிலேயே.

"மீன்" என்றார்.

மூலையில் அளவன் அன்றைய நீர்மட்டத்தைப் பதிந்தது: ஊசல் போக, நேற்றைவிட ஒரு விரல் குறைவு.