வலது முன் சக்கரம்

கராஜில் காருக்கு அடியில் விரித்திருந்த அட்டை காய்ந்து கிடந்தது. மோரின் தேநீர்க் கோப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தாள். பழைய கறைகள் எல்லாம் இருந்தன. புதிதாக ஒரு சொட்டு இல்லை. அறுபதுகளில் செய்த இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல. ஒழுகினால் உள்ளே ஆயில் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கலாம், ஒழுகாத அன்றுதான் தூக்கம் போகும் என்று லயனல் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவள் இன்ஜின் மூடியைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். மேல்கோடு வரை ஆயில். கறுத்துப்போன பழைய ஆயில் இல்லை, தேன் நிறத்தில் புத்தம் புது ஆயில். அவள் ஊற்றவில்லை. கராஜ் சாவி அவளிடம் மட்டும்தான் இருந்தது. ஈரக் கம்பளியும் பெட்ரோலும், அவர் கை கழுவும் ஆரஞ்சு வாசனைப் பசையும் கலந்த ஒரு வாடை மூடிக்குள்ளிருந்து மெல்ல எழுந்து அவள் முகத்தில் பட்டது. லயனல் இறந்து இது இரண்டாவது குளிர்காலம்.

அந்தப் பச்சைக் காரை லயனல் வாங்கியது ரெக்ஸ் டன்வுடியிடம். வட்டாரத்தில் பழைய கார் வியாபாரம் அவன் கையில்தான், பழைய கார் சங்கத்துக்குத் தலைவனும் அவன்தான். கார் வந்த முதல் கோடையிலேயே, ஹாங்கர் இறக்கத்தில், வலது முன் சக்கரம் தனியாகக் கழன்று வேலியைத் தாண்டி வயலுக்குள் ஓடியது. கார் கல்சுவரில் போய் மோதியது. மரண விசாரணைக்குக் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்த ரெக்ஸ், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"தங்கமான மனுஷன். கிளம்புறதுக்கு முன்னாடி நட்ட அடிச்சு இறுக்குங்கன்னு நானும் தலபாடா அடிச்சுக்கிட்டேன். மறந்துட்டார் போல."

அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மாதிரிக் கம்பிச் சக்கரங்களை, இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் செம்புச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். லயனலா மறப்பார்? தபால் பெட்டி வரை போவதென்றாலும் நாலு சக்கரத்தையும் அடித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சத்தம் பொறுக்காமல் மோரின் ஜன்னலைத் திறந்து, "ஊரையே எழுப்பிவிட்டுட்டு எங்க போறீங்க?" என்று கத்தியிருக்கிறாள். அந்த மனிதரைத்தான் மறதிக்காரர் என்று முத்திரை குத்திப் புதைத்தார்கள்.

அவள் நொறுங்கிய காரை இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து திரும்ப வாங்கினாள். வெளியூரில் கொடுத்து உடம்பை நிமிர்த்தினாள். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, முன் அச்சை அவளே கழற்றினாள். கழற்றியபோதுதான் தெரிந்தது. இந்தக் கார்களில் வலது பக்கத்து மரை ஒரு திசை, இடது பக்கத்து மரை எதிர்த்திசை. சரியாக மாட்டினால் ஓட ஓட நட்டு தானே இறுகும். பக்கம் மாற்றி மாட்டினால் ஓட ஓடத் தளரும், எத்தனை அடித்து இறுக்கினாலும் தளரும். ரெக்ஸ் விற்கிற அவசரத்தில் இடது ஹப்பை, அதாவது நட்டு ஏறும் மரை போட்ட நடுத்துண்டை, வலதில் மாட்டியிருந்தான். நட்டின் மேல் கழற்றும் திசையைக் காட்டும் வளைந்த அம்பு ஒன்று உண்டு, கார் முன்னே ஓடும்போது சக்கரம் சுற்றுவது போல அது முன்பக்கமாகச் சுற்ற வேண்டும். இதில் பின்பக்கமாகச் சுற்றியது. விஷயம் தெரிந்தவனுக்கு ஒரு பார்வை போதும். லயனலுக்கு விஷயம் தெரியாது, ரெக்ஸை மட்டும் தெரியும்.

கோபத்தில் அவள் செய்த தப்பு, எல்லாவற்றையும் உருவி, துடைத்து, செய்தித்தாளில் பரப்பிவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டது. வந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "நீங்களே கழட்டிட்டீங்களேம்மா. எது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு இப்ப யார் சொல்றது?"

சட்டம் அத்தோடு கையைக் கழுவியது. மோரின் கழுவவில்லை. அவன் மாட்டிய மாதிரியே மாட்டி, அவனிடமே விற்று, அவனையே அந்த இறக்கத்தில் ஓட்ட வைப்பது என்று தீர்மானித்தாள். மலிவாக வருகிறதென்றால் ரெக்ஸ் நரகத்துக்குள்ளும் கையை விடுவான், நட்டையா குனிந்து பார்க்கப்போகிறான் என்று நினைத்தாள். அவன் செத்தால் தனக்குத் தூக்கம் வரும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

தங்கை டாஃப்னிக்கு எதுவும் தெரியாது. காரை விற்கப்போகிறேன் என்றதும் அவளுக்கு ஒரே குஷி.

"வித்துத் தொலைக்கா. அந்தக் காசுக்கு ஒரு நாய வாங்கு. அதுவும் ஒழுகத்தான் செய்யும், ஆனா வாசலுக்குப் போகணும்னு சொல்லிட்டு ஒழுகும்."

பனி உருக ரோட்டில் உப்புப் போட்டிருக்கிற வரை இந்தக் கார்களை யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள், அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிடும். நல்ல மழை ஒன்று பெய்து உப்பைக் கழுவட்டும், மார்ச்சில் வருகிறேன் என்று ரெக்ஸ் சொல்லியிருந்தான். அதற்குள் அவள் வேலையை முடித்தாள். இடது ஹப்பை வலதில் மாட்டினாள், அம்பு பின்பக்கமாகச் சுற்றுவதைக் கண்ணால் பார்த்தாள், சக்கரத்தை ஏற்றி அடித்தாள். அட்டை காய்ந்து கிடந்தது அதற்கு மறுநாள் காலையில்.

அன்று சாயங்காலம் சத்தம் கேட்டது. குளிர்கால வெளிச்சம் தோட்டத்து வேலியோடு வேலியாக மங்கிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் உருளைக்கிழங்கு கொதிக்கும் சத்தத்துக்கும் ஜன்னல் கண்ணாடியில் காற்று உரசும் சத்தத்துக்கும் அடியிலிருந்து, சுவரைத் தாண்டி, அவளுக்கு நன்றாகப் பழகிய சத்தம் ஒன்று வந்தது. டொக். டொக். டொக். சற்று நிறுத்தம், ஒரு மனிதன் எழுந்து அடுத்த சக்கரத்துக்கு நடக்கும் நேரம். மறுபடி டொக்.

அவள் டார்ச்சோடு கராஜுக்குப் போனாள். சுத்தியல் ஆணியில் தொங்கியது. கார் இருட்டில் பளபளத்தது. ஆரஞ்சு வாசனை மட்டும் காலையைவிடக் கனமாக இருந்தது, இப்போதுதான் யாரோ கை கழுவிவிட்டுப் போன மாதிரி. நட்டைக் குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"லயனல்," என்றாள் காரைப் பார்த்து. "உங்களுக்காகத்தான் செய்யறேன். என்னத் தடுக்காதீங்க."

அதன் பிறகும் ஒவ்வொரு சாயங்காலமும் அந்த டொக் கேட்டது. அவள் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள், கராஜுக்குப் போவதையே விட்டாள்.

மார்ச்சில் மழை பெய்தது. மழை விட்ட மாலை ரெக்ஸ் வந்தான். தட்டைத் தொப்பி, புதுத் தோல் கையுறை, முகமெல்லாம் அனுதாபம்.

"மனசு கஷ்டமாத்தான் இருக்கும் மோரின்மா. ஆனா இந்த வண்டி உங்களுக்கு எதுக்கு? என்னைய மாதிரி ஆளுகிட்ட இருந்தா அதுக்கும் மரியாத."

"எடுத்துக்குங்க," என்றாள் அவள். "ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. ஹாங்கர் வழியா போனா வண்டி எப்படின்னு தெரிஞ்சிடும்."

இந்த மாதிரிக் கார் பார்க்க வருகிற எவனும் முதலில் மண்டிபோட்டுக் கதவுக்கு அடியில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பான். ரெக்ஸ் தட்டவில்லை. நேராக வலது முன் சக்கரத்துக்குப் போனான். குனிந்து நட்டைப் பார்த்தான். கையுறை விரலால் அந்த அம்பை ஒருமுறை தொட்டான்.

மோரின் அந்த விரலையே பார்த்தாள். தெரிந்திருக்கிறது இவனுக்கு. கறுப்பு டை கட்டிக்கொண்டு நின்ற அன்றும் தெரிந்திருக்கிறது.

"பரவால்லையே," என்று நிமிர்ந்து சிரித்தான். "எல்லாத்தையும் அந்தந்தப் பக்கத்துலதான் மாட்டியிருக்கீங்க. பொம்பளைங்க கைவேலன்னா கொஞ்சம் பாத்துக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் குனிந்து பார்த்தாள். அம்பு முன்பக்கமாகச் சுற்றியது. அவள் மாட்டியது மாறியிருந்தது. ரெக்ஸ் ஏறி உட்கார்ந்து, சோக்கை இழுத்து, இன்ஜினை உறும விட்டு, கூரை திறந்த காரோடு ஈர ரோட்டில் இறங்கிப் போனான். அவள் சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்து, இறந்துபோன கணவர் மேல் வாழ்நாளில் படாத கோபம் பட்டாள். இவனுக்கா இரக்கம்? உங்களை மறதிக்காரர் ஆக்கினவனுக்கா?

தேநீர் ஆறியது. வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அவள் மாட்டியது மாட்டியபடியே இருந்திருந்தால் ரெக்ஸ் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்திருப்பான். காரில் ஏறியே இருக்க மாட்டான். சரியாக மாட்டியிருந்ததால்தான் ஏறினான். மாற்றி வைத்த கைக்கு அவன் ஏற வேண்டியிருந்தது. சக்கரம் கழன்று சுவரில் மோதி நொடியில் முடிகிற சாவு அந்தக் கைக்குப் போதவில்லை.

அவள் எல்லா விளக்கையும் போட்டாள்.

இன்ஜின் சத்தம் திரும்பி வந்தது. மெதுவாக. வேலிக்கு அப்பால். வாசலில் நின்றது. இன்ஜின் அணையவில்லை. கதவு திறக்கும் சத்தம். பிறகு டொக்.

செம்பின் சத்தம் இல்லை அது. மந்தமாக, ஈரமாக. பலகையில் இறைச்சியைத் தட்டுகிற மாதிரி.

டொக்.

அவள் போகக் கூடாது என்று நினைத்தாள். கால் போனது. சரளைக் கல். குளிர். முன்விளக்கு வெளிச்சத்தில் புகை. ஆரஞ்சு வாசனை.

ரெக்ஸ் வலது முன் சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டிருந்தான். தொப்பி இல்லை. கையுறை இல்லை. வெறும் கையால் நட்டின் காதை அடித்துக்கொண்டிருந்தான். அடித்து, தோள் வரை உயர்த்தி, மறுபடி அடித்தான். கம்பிகள் எல்லாம் சிவப்பாக ஒழுகின. முகம் அழுதுகொண்டிருந்தது. கை நிற்கவில்லை.

"இன்னும் இறுகலையாம்," என்றான். "இறுகிடுச்சுன்னு நானும் சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்குறார்."

அவள் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். காலி. பின்னால் கடைசி வரை தள்ளியிருந்தது, லயனலின் நீளக் காலுக்கு. தோல் மெத்தை அமுங்கியிருந்தது. ஸ்டீயரிங் ஒரு துளி இடதுபக்கம் அசைந்தது. ஒரு துளி வலதுபக்கம். பொறுமையில்லாத விரல்கள்.

டொக்.

"மோரின்மா." ரெக்ஸின் குரல் குழந்தையின் குரலாக இருந்தது. "நீங்க போதும்னு சொன்னா விட்டுடுவாராம். ஒரே ஒரு வார்த்த."

ஸ்டீயரிங் நின்றது. இன்ஜின்கூடத் தணிந்தது. காத்திருந்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. உடம்பு முழுக்கப் பயம். அந்தச் சொல் நாக்கில் இருந்தது, சின்னச் சொல், வாயைத் திறந்தால் போதும். ரெக்ஸ் நிமிர்ந்து அவள் வாயையே பார்த்தான்.

மறந்துட்டார் போல.

மோரின் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, அங்கேயே நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

ரெக்ஸின் தோள் மெல்ல உயர்ந்தது. கை நுனியில் விரல்கள் இல்லை. அது வெளிச்சத்துக்கு வந்தது, இறங்கியது, மறுபடி உயர்ந்தது.