ஆரெலியின் பாவற்கொடி

19 செப்டம்பர் 2024, வியாழன். முதலில் என் பிழை: அவசரத்தில் இந்தக் குறிப்பேட்டில் "இலை மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டேன். ஒரு இலையைக்கூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

நான் பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், அரியரத்தினம் அண்ணையின் மரக்கறிக் கடையில் தட்டுகளில் சரக்கு அடுக்குபவன். பதினொரு மணிக்கு குவாதலூப் தீவுக்காரி ஆரெலி ஒரு பொதியோடு வந்தார். உலர்ந்த பாவற்கொடியைக் கொதிக்கவைத்துக் கசக்கக் கசக்கக் குடிப்பது அவருடைய தீவு வைத்தியம். மாதந்தோறும் நோயாளி அம்மாவுக்காக எங்களிடம்தான் வாங்குவார்.

"அம்மா ஒரு வாயிலேயே துப்பிவிட்டார். கசப்பே இல்லை. யாரை ஏமாற்றுகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார். மாலை வகுப்பின் புண்ணியத்தில் அவ்வளவும் எனக்கு விளங்கியது.

அண்ணை கல்லாவில் நின்ற ஷிரோமியிடம் திரும்பினார். "பொதி கட்டினது நீதானே? நல்ல இலையை எடுத்துப்போட்டுக் குப்பையை அடைச்சிருக்கிறாய். இனி வேலைக்கு வராதை."

"ஐயோ அண்ணை, நாளைக்குப் பிரிபெக்சர் அலுவலகத்திலை வேலைக் கடிதம் காட்டோணும். இல்லாட்டி எனக்கு விசா இல்லை!"

மரக்கறி வாங்க வந்திருந்த தாட்சாயினி அக்கா பொதியை நிதானமாக விரித்தார். ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள்களை ஆராய்ந்து உரியவரிடம் சேர்ப்பது அவர் வேலை.

"வேறை இலைதானே அக்கா?" எனக்குப் பரபரப்புத் தாங்கவில்லை.

"பொறும் தம்பி. ஆழ வெட்டின இலை, பிடிச்சு ஏறுற சுருள். இது பாவல்தான்." ஒன்றை மென்றார். எனக்கும் ஒன்று தந்தார்.

உப்பு! அக்காவும் தலையாட்டினார்.

"உப்பு நரம்புக்குள்ளை காய்ஞ்சு ஒட்டிக் கிடக்கு. காம்பிலை மஞ்சள்தூள் வேறை. இலை பச்சையாய் இருக்கேக்கையே போட்டிருக்கினம், பொதி கட்டேக்கை இல்லை. அண்ணை, பச்சைக் கொடியை எங்கை காயவிடுறியள்?"

"மேலை, எங்கடை வீட்டுப் பல்கனியிலை."

"ஷிரோமி அங்கை வாறவளோ?"

"இல்லை." அண்ணையின் குரல் இறங்கியது. "மனுசிதான்..."

தேநீரோடு வந்த அவருடைய மனைவி வசந்தரூபி அக்கா தொடக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். "ஓம், நான்தான் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைஞ்சு பிழிஞ்சனான். கசப்புப் போகப் பாவக்காய்க்குச் செய்யிறதுதானே? வருத்தக்கார மனுசி உந்தக் கைச்சலை எப்பிடிக் குடிக்கும்?"

"அப்ப ஏனப்பா வாய் திறக்கேல்லை?"

"இலையை மாத்திப்போட்டாள் எண்டுதானே கத்தினியள்? நான் மாத்தேல்லையே!"

நான் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தேன். ஆரெலி அலுமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தக் கசப்புக்காகத்தானே இவ்வளவு தூரம் வருகிறேன்!"

அண்ணை ஷிரோமியின் முகத்தைப் பார்க்காமலே கடிதம் எழுதி, முத்திரையை இரண்டு தரம் குத்தினார்.

நாளை: காலை எட்டரைக்கு ஷிரோமியோடு பிரிபெக்சருக்குப் போய்க் கடிதத்தைக் கொடுக்க வேண்டும்.