மூடியிருந்த கைப்பை

மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள், "என் வீட்டுக்குள்ளயே திருட்டு நடக்குது, மானேஜர் சார்" என்றார் ஆபரேட்டரம்மா. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஆயிரம் எண்கள் அவருக்கு மனப்பாடம் என்று தெருவே சொல்லும்.

பின்னாலேயே மானேஜரின் மைத்துனரும் ஏறி வந்தார். கீழே தையற்கடை அவருடையது. வங்கியின் மோசடிப் பிரிவில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்ற அத்தானிடம் ஒரு வழக்கு வந்துவிட்டால், மைத்துனருக்கு ஊசியில் நூல் ஏறாது.

விஷயம் இதுதான். ஆபரேட்டரம்மாவின் கணவருடைய காதுக்கருவி வாளித் தண்ணீரில் விழுந்து பத்து நாளாயிற்று. மனிதர் யாரோடும் பேசாமல் சுவரையே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இணையக் கடை ஒன்றில் அதே கருவி பாதி விலைக்கு, ஒன்றே ஒன்று இருக்கிறது. இன்று ஐந்து மணிவரைதான் எடுத்து வைப்பார்கள். கிரெடிட் கார்டோ இரண்டு முறையும் நிராகரிக்கப்பட்டுவிட்டது.

"அவர் காதுல விழுற முதல் வார்த்தை என்னோடதா இருக்கணும். என்ன பேசணும்னுகூட யோசிச்சு வச்சிருக்கேன்" என்றார் ஆபரேட்டரம்மா.

"கடையில கார்டு வேலை செய்யுதாம்மா?" என்று கேட்டார் மானேஜர்.

"காலையில ரொட்டி வாங்கினேன், மெஷின்ல வச்சதும் பணம் போயிடுச்சு. ஆன்லைன்லதான் முரண்டு பிடிக்குது. புதன்கிழமை என் மருமக இந்தக் கைப்பைக்குள்ள கைவிட்டதை என் கண்ணால பார்த்தேன். அன்னையிலேர்ந்து அவகூடப் பேச்சே இல்ல."

"லிமிட் மொத்தத்தையும் காலி பண்ணிட்டா, அத்தான்!" என்று மைத்துனர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

போனில் கணக்கைத் திறந்து பார்த்தார்கள். லிமிட் தாராளமாக இருந்தது. ஆபரேட்டரம்மா வாங்காத பொருள் எதுவும் அதில் இல்லை.

"இன்னொரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா?"

"பொறுங்க. தப்பையே திரும்பத் திரும்பப் போட்டா பேங்க் கார்டைப் பூட்டிடும். எப்படிப் போட்டீங்கன்னு மட்டும் காட்டுங்க."

ஆபரேட்டரம்மாவின் விரல்கள் ஓடின. கார்டு எண், முடியும் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பின. கைப்பை மடியில் மூடியபடியே இருந்தது.

"எத்தனை வருஷமா இந்தக் கார்டு?"

"அஞ்சு வருஷமா இதேதான்."

தோல் உரிந்த அந்தப் பையிலிருந்து வெளியே வந்த கார்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. வங்கிக் கடிதத்தோடு அதை ஒட்டியிருந்த பசை அதன் முதுகில் இன்னும் பிசுபிசுத்தது. மானேஜர் மெல்லச் சிரித்தார்.

"உங்க மருமகளை வரச் சொல்லுங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் மருமகள்.

"நீ எடுத்தது பழைய கார்டு, வச்சது புதுசு. சரியாம்மா?"

"ஆமா சார். பழசு போன மாசத்தோட முடிஞ்சு, பேங்க்ல புதுசு அனுப்பியிருந்தாங்க. மாமா நிலைமையைப் பார்த்து அத்தை அழுதுட்டே இருந்தாங்க. இதுக்கு வேற அவங்களை அலைய விடணுமான்னு நானே மாத்தி வச்சேன். சொல்ல வந்தா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க."

"பதினாறு நம்பரும் பழையபடியேதான் இருக்கு" என்றார் மானேஜர். "தேதியும் பின்னாடி இருக்கிற மூணு நம்பரும்தான் மாறியிருக்கு. கடையில புதுக் கார்டே வேலையை முடிச்சிடுது. ஆன்லைன்ல நீங்க பழசை ஒப்பிக்கிறீங்க. மறதிக்காரங்களா இருந்தா கார்டைப் பார்த்துப் போட்டிருப்பாங்க. பை மூடியே இருந்தப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் மைத்துனர், கூச்சமே இல்லாமல்.

ஆபரேட்டரம்மா வாழ்க்கையில் முதல்முறையாக எண்களை எழுத்துக் கூட்டுவதுபோல் பார்த்துப் பார்த்துப் போட்டார். ஐந்தாக ஏழு நிமிடம் இருக்கையில் பணம் ஏற்கப்பட்டது. கருவி நாளைக் காலை வந்துவிடும்.

அவர் மானேஜரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மருமகளின் ஈரக் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"உன்னைப் போய் தப்பா நினைச்சேனே. நீ நல்லா இருக்கணும்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு மாமா காதுல முதல்ல நீ பேசு. நான் அப்புறம் பேசிக்கிறேன்."